விற்பனைக்குரிய அடுக்களை: தோற்றமும் வளர்ச்சியும் கரித்துணியும்

முன்னுரை

தலைப்பில் 'தோற்றமும் வளர்ச்சியும்' என்று இல்லாத ஆய்வேட்டுக்குக் கறுப்பு ரெக்சின் அட்டை போட்டுப் பொன்னெழுத்து அடிக்க எந்த பைண்டரும் மனமொப்புவதில்லை. ஆகவே தலைப்பு இவ்வாறு அமைந்தது. மற்றபடி அடுக்களை எங்கே தோன்றியது என்பதில் இக்கட்டுரைக்கு அக்கறை கிடையாது. வளர்ச்சியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எட்டடிக்கு ஏழடியாக இருந்தது இன்றும் எட்டடிக்கு ஏழடிதான்.

ஆய்வுக் களம், சென்னை நங்கநல்லூரில் 1980களில் கட்டிய ஒரு தனி வீட்டின் சமையலறை. அந்த வீட்டை வாங்கி, சீர்படுத்தி, லாபம் வைத்து விற்பதென்று என் மைத்துனர் முடிவு செய்திருந்தார். தமிழ்நாட்டில் வீடு வாங்குபவர் முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் என்று பத்திரம் பதியும் அன்றே 9 சதவீதத்தைச் சர்க்காருக்குக் கொடுத்துவிடுகிறார். 24 மாதத்துக்குள் விற்றால் வரும் லாபத்தைக் குறுகிய கால ஆதாயம் என்று வருமான வரிக்காரர்கள் கவனித்துக்கொள்வார்கள். இந்த இரண்டு சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்கு ஒரு சந்து இருக்கிறது. மைத்துனர் நிற்பது அங்கே. பழைய வீடு விலைபோவது சமையலறையாலும் பாத்ரூமாலும்தான் என்பது அவர் நம்பிக்கை. அதற்கு ஆதாரம் தரகர் (வாய்மொழி, கமிஷன் பேசுவதற்கு முன்). கமிஷன் பேசிய பிறகு அதே தரகர், சார், விலை மண்ணுக்குத்தான், கட்டடத்துக்கு இல்லை என்று பாடபேதம் காட்டினார்.

கருதுகோள்: பழைய சமையலறை பழையது. இது ஆய்வின் முடிவில் ஐயமற நிறுவப்படும்.

இயல் 1: முன்னாய்வுகள்

இத்துறையில் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் வியன்னாவில் பிறந்த கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி. 1926இல், ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரில் அரசுக் குடியிருப்புகள் எழும்பிய காலத்தில், ரயிலின் உணவுப்பெட்டிச் சமையலறையை முன்மாதிரியாகக் கொண்டு 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் உள்ள ஒரு சமையலறையை அவர் வரைந்தார். சுமார் 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. அரிசிக்கும் சர்க்கரைக்கும் பிடி வைத்த அலுமினியப் பெட்டிகள். மாவுக்கு மட்டும் ஓக் மரப்பெட்டி, வண்டு அண்டாமலிருக்க. இன்று நம் ஊரில் மாடுலர் கிச்சன் என்று விற்கிற அத்தனைக்கும் கொள்ளுப்பாட்டி அதுதான். அதை வரைந்த காலத்தில் தமக்குச் சமைக்கத் தெரியாது, குடித்தனம் நடத்திய பழக்கமும் இல்லை என்று அம்மையார் பின்னாளில் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். பொருளைத் தொட்டுப் பார்க்காமல் அதைப் பற்றி நிலைபேறுடைய முடிவுகளைச் சொல்வது நம் பல்கலைக்கழகங்களுக்கும் புதிதன்று. வேறுபாடு, அவர் ஒப்புக்கொண்டார்.

அடுத்து முக்கோணக் கோட்பாடு. 1940களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சிறுவீடுகளை ஆராய்ந்தவர்கள் இதைப் பரப்பினார்கள். அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். அதன் ஒவ்வொரு பக்கமும் 4 அடிக்குக் குறையாமலும் 9 அடிக்கு மிகாமலும் இருந்தால் சமைப்பவருக்குக் கால் வலிக்காது என்பது சாரம். களத்தில் இதைப் பொருத்திப் பார்த்தேன். அடுப்புக்கும் சிங்குக்கும் இடையே இரண்டரை அடி. ஃபிரிட்ஜ் சமையலறையிலேயே இல்லை. அது நின்றதற்குச் சான்றான நான்கு துருப்பிடித்த கால்தடங்கள் ஹாலில், டிவி பிளக்குக்குப் பக்கத்தில் கிடைத்தன. ஆகவே முக்கோணத்தின் ஒரு பக்கம் சமையலறை நிலைப்படியைத் தாண்டி, பூஜை அலமாரியை ஊடுருவி, சோபா இருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. தோசை மாவு எடுக்கப் போனவர் சீரியலில் அந்த மாமியார் விஷயம் என்ன ஆயிற்று என்று நின்று பார்த்த நேரத்தை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது? இல்லினாயில் இதற்கு விடையில்லை.

இயல் 2: அடுக்குகளும் கல்வெட்டும்

உளி வைத்ததும் சுவர் பேச ஆரம்பித்தது. கீழடியில் குழி இறக்குகிறவர்களின் பரவசத்தில் பாதியாவது இதில் உண்டு, என்ன, இங்கே பார்வையிட அமைச்சர் வருவதில்லை.

மேலடுக்கில் நான்கு ஹைலைட்டர் டைல்கள். வெறும் டைல்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படம் போட்டுப் பதிப்பார்களே, அவை. இவற்றின் படிமக்கலை தனியே ஆராயத்தக்கது. முதல் டைலில் ஆவி பறக்கும் காபிக் கோப்பை. கோப்பைக்குக் காது உண்டு, டபரா இல்லை. இரண்டாவதில் ஸ்ட்ராபெரி. மூன்றாவதில் பச்சைத் திராட்சைக் கொத்தும், பக்கத்தில் நீண்ட காம்புள்ள கண்ணாடிக் கிண்ணமும், அதில் பாதியளவு சிவப்புத் திரவமும். அமாவாசை, ஏகாதசி தவறாமல் பார்த்து வெங்காயம் தள்ளிய ஒரு வீட்டில், அடுப்புக்கு நேர் மேலே மதுக்கிண்ணம் இத்தனை காலம் எப்படி இருந்தது? வீட்டுப் பாட்டி அதை ரோஸ்மில்க் என்று கொண்டார் என்பது ஒரு சாரார் கருத்து (பக்கத்து வீட்டு மாமி, காம்பவுண்டுச் சுவருக்கு மேலிருந்து). குஜராத்தின் மோர்பியிலிருந்து வந்த பெட்டியில் என்ன படம் இருக்கிறதோ அதுதான் டிசைன், இதில் ஆராய என்ன இருக்கிறது என்பது இன்னொரு சாரார் கருத்து (டைல் கடைக்காரர், பில் இல்லாமல்). நான்காவது டைல் குக்கர் விசிலுக்கு நேரே அமைந்ததால் எண்ணெய்ப் படலம் மூடிவிட்டது. அதை முட்டைக்கோஸ் என்பாரும் உளர், ரோஜா என்பாரும் உளர். துடைத்துப் பார்க்கலாமே என்றார் சித்தாள் பெண். துடைத்துப் பார்ப்பது ஆய்வு நெறியன்று.

நடுவடுக்கில் ஆறங்குலச் சதுர வெள்ளை டைல், அதன் கீழ் பச்சை டிஸ்டெம்பர், அதற்கும் கீழே கரி. கரிமக் காலக்கணிப்புக்கு வேண்டிய கரி கரண்டியால் சுரண்டும் அளவுக்குக் கிடைத்தது.

சுவரலமாரிக் கதவின் உட்புறத்தில் பென்சில் கல்வெட்டு ஒன்றும் உண்டு. பெரும்பகுதி சிலிண்டர் மாற்றிய தேதிகள், 14.2 கிலோ எத்தனை நாள் வந்தது என்ற கழித்தல் கணக்கு ஒவ்வொன்றின் பக்கத்திலும் இருக்கிறது. விருந்தாளி வந்த மாதங்களை இதிலிருந்து எளிதில் கண்டுகொள்ளலாம். கடைசி வரி மட்டும் சிதைந்து, 'பா 2' என்று நிற்கிறது. 'பால் 2' என்று ஒருவரும், 'பாக்கி 2' என்று ஒருவரும் வாசித்தனர். இருவரும் தத்தம் வாசிப்புக்கு நூற்றாண்டுகளைத் துணைக்கழைத்துச் சண்டைக்குத் தயாரான நேரத்தில், வீட்டை விற்ற அம்மாளைத் தொலைபேசியில் கேட்டோம். பாத்ரூமுக்கு இரண்டு பல்பு வாங்கச் சொல்லி எழுதியது என்றார். எழுதியவரே உயிரோடு இருந்து விளக்கம் சொல்வது இத்துறைக்குப் பெரும் இடையூறு. நல்லவேளை, இலக்கியத்தில் அப்படி அடிக்கடி நேர்வதில்லை.

இயல் 3

நெறியாளரிடம் இருக்கிறது.

இயல் 4: மூன்று கொள்கைகள்

பழைய சமையலறையை என்ன செய்வது என்பதில் மூன்று சமயங்கள் உள்ளன: இடிப்பியல், பூச்சியல், இருப்பியல்.

இடிப்பியலாருக்குத் தலைவர் மேஸ்திரி. மேடை, அலமாரி, தரை, பைப் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் செங்கல் தெரியும்வரை போகவேண்டும் என்பார். எதற்கு என்று கேட்டால், உடைத்தால்தான் தெரியும் என்பார். உடைத்தபின் என்ன தெரிந்தது என்று கேட்டால், உடைத்தது நல்லதாய்ப் போயிற்று என்று தெரிந்தது என்பார். இந்தச் சுழல் வாதத்தை முறியடித்த வீட்டுக்காரர் எவரும் இலர். களத்தில் இவர்கள் முதலில் குறிவைத்தது கடப்பாக் கல் மேடையை. கடப்பா பார்க்கக் கறுப்பு கிரானைட்டின் தம்பி போலிருந்தாலும் அது சுண்ணாம்புக்கல். புளியும் எலுமிச்சையும் பட்டால் அரித்து, வெளிறிய வட்டம் விழும். அந்த மேடையில் அடுப்புக்கு வலப்பக்கம் ஒரு சாண் தள்ளி அப்படியொரு வட்டம் இருந்தது. விரலால் தடவினால் சொரசொரப்பு தெரியும். ரசம் இறக்கிவைத்த இடம். ஒரே இடத்தில், ஒரே ஈயச்சொம்பு, தலைமுறைக் கணக்கில். மேஸ்திரி அதன்மேல் சுத்தியலை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

பூச்சியலாரின் கொள்கை, எதையும் எடுக்காமல் எல்லாவற்றையும் மறைப்பது. டைல் மேல் டைல், கடப்பா மேல் கிரானைட். கீழே பழைய கடப்பாத் தடுப்புகளை அப்படியே விட்டு, முன்னால் அலுமினியச் சட்டமும் பளபளக்கும் கதவும் மாட்டிவிட்டால் அதுவே மாடுலர். (இதைப் பூச்சியியலோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்று எழுதியிருந்தேன். சிங்க் அடிக் கதவைத் திறந்ததும் அந்த எச்சரிக்கையை நீக்கிவிட்டேன்.) இவர்களிடம் ஒரு குறை உண்டு. சிலிண்டரைக் கதவுக்குள் அடைப்பவர்கள் காற்றோட்ட ஓட்டையைக் கண்ணுக்கு அழகாக மேலே வைக்கிறார்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடுதான் தேங்கும். ஓட்டை கீழே இருக்கவேண்டும். இந்தக் கட்டுரையில் பயன்படக்கூடிய வாக்கியம் இது ஒன்றுதான் என்பதால், ஆய்வு மரபுப்படி பத்தியின் நடுவில் புதைத்திருக்கிறேன்.

இருப்பியலார் எதையும் தொடாமல் விலையைக் குறைத்து விற்கச் சொல்வார்கள். இருத்தலியல் பேசிய தத்துவவாதி சார்த்தருக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. இருவரிடமும் மைத்துனருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

மூன்று சமயத்தாரும் ஒன்றுபடும் இடம் பிளைவுட். தண்ணீர் படும் இடத்தில் ஐஎஸ் 303 போதாது, கடல்தரமான ஐஎஸ் 710தான் வேண்டும் என்பதில் உரையாசிரியர்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை. போட்டது 710தானா என்பதில்தான் வேற்றுமை. முத்திரை எப்போதும் சுவரைப் பார்த்த பக்கத்தில் இருக்கும். அது ஏன் என்பதை ஆசாரி மட்டுமே அறிவார்.

வெள்ளை குவார்ட்ஸ் மேடை பற்றி: மஞ்சள்தூள்.

சிம்னி பற்றி: பழைய எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை இருக்கிறதே, அதற்குப் புதுப் பெயர்.

பரண் பற்றி: ஏறிப் பார்த்தவர் தும்மலோடு இறங்கினார். வேறு தரவு இல்லை.

இயல் 5: வாஸ்து

அடுப்பு தென்கிழக்கில், சமைப்பவர் கிழக்கு பார்த்து. இது எல்லோருக்கும் தெரிந்தது. வீடு பார்க்க வருகிற பார்ட்டி கைப்பேசியில் திசைகாட்டியை எடுப்பார் என்பதும் தெரிந்தது. அந்தத் திசைகாட்டி காந்தத்தை நம்பியது, இரும்பு கிரில்லுக்குப் பக்கத்தில் போனால் தடுமாறும் என்பது மட்டும் தரகருக்குத் தெரிந்தது. சமையலறை அக்னி மூலையிலிருந்து கொஞ்சம் நழுவியிருக்கும் வீடுகளில், பார்ட்டியை ஜன்னலோரமாக நிறுத்தி, இங்கே நின்று பாருங்க சார், காற்று எப்படி வருது என்பார். மயமதம் என்ற பழைய வாஸ்து நூல் இந்த நுட்பம் வரை போகவில்லை.

இயல் 6: கரித்துணி

இதுவரை சொன்னது பீடிகை. இனி ஆய்வுப் பொருள்.

மாடுலர் கிச்சன் கேட்டலாக்குகள் நான்கைப் பரப்பிவைத்துப் பார்த்தேன். கரண்டிக்கு அறை இருக்கிறது. எண்ணெய் பாட்டிலுக்கு ஒல்லியான புல்-அவுட் இருக்கிறது. கை நுழையாத மூலைக்கு மேஜிக் கார்னர் இருக்கிறது. தட்டுகளுக்கு டேன்டம் பாக்ஸ், அது சத்தமில்லாமல் மூட சாஃப்ட் குளோஸ். குப்பைக்குக்கூடக் கதவுக்குப் பின்னால் கௌரவமான இருக்கை. புவிசார் குறியீடு வாங்கிய கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்கு இடம் இல்லை என்றாலும், அதற்காவது சண்டை போட ஆள் இருக்கிறது. கரித்துணிக்கு எந்தப் பக்கத்திலும், எந்தப் படத்திலும், எந்த அடிக்குறிப்பிலும் இடம் இல்லை. அது இல்லாமல் நம் ஊரில் ஒரு வேளை சமையல் நடக்காது.

கரித்துணியைக் கடையில் வாங்க முடியாது. மரபுவழி வருவது அது. வேட்டி வழி, புடவை வழி, துண்டு வழி, பனியன் வழி என நான்கு கிளைகள். இவற்றுள் பல தடவை துவைத்து மெலிந்த எட்டு முழ வேட்டியே தலைசிறந்தது என்பது பெரும்பான்மையோர் துணிபு. பனியன் வழிக்கு உறிஞ்சும் ஆற்றல் மிகுதி, ஆனால் கைத்துவாரத்தில் விரல் மாட்டிச் சாம்பார் சட்டி சாயும். பாலியெஸ்டர் கலந்தது எதுவும் ஆகாது. சூட்டில் உருகிக் கையோடு ஒட்டிக்கொள்ளும். கட்சிக்கரை போட்ட வேட்டிகள் இப்பதவிக்கு வருவது கூட்டணி மாறும் காலங்களில் அதிகம் (சலவைக்காரர், வாய்மொழி; எந்தக் கட்சி என்று சொல்ல மறுத்துவிட்டார்). பதவிக்காலம் முடிந்ததும் கரித்துணி வண்டி துடைக்கப் போகும், அங்கிருந்து வாசல் மிதியடிக்கு, அதன்பின் மோட்சம். எந்த நிலையிலும் கீழிறங்குமே தவிர மேலேறியதாகச் சான்று இல்லை.

அதை எங்கே வைப்பது என்பதில் நான்கு பள்ளிகள். தோள் பள்ளி, ஜன்னல்கம்பிப் பள்ளி, சிலிண்டர்க் கழுத்துப் பள்ளி, ஆணிப் பள்ளி. முதல் மூன்றைப் பற்றி எழுதத் தொடங்கினால் இக்கட்டுரை விரியும். நான்காவதைப் பற்றி எழுதினாலும் விரியும், ஆனால் எனக்கு அதில்தான் ஆசை.

நங்கநல்லூர்க் களத்தில் அடுப்புக்கு இடப்புறச் சுவரில் இரண்டங்குல ஆணி ஒன்று, தலை சற்று வளைந்து, தரையிலிருந்து நாலே கால் அடி உயரத்தில் நின்றது (ஆணி, தென்கிழக்குச் சுவர், நேரில் கண்டது). அதன் கீழே சுவரில் ஒரு கறை. மேலே குறுகி, கீழே அகன்று, விரித்த உள்ளங்கை அளவுக்குப் பழுப்பாக இருந்தது. அதன்மேல் பச்சை, ரோஸ், வெளிர்நீலம் என்று பல ஆட்சிகளின் வண்ணம் பூசப்பட்டிருந்தும், ஒவ்வொன்றையும் கடந்து கறை மேலே வந்திருந்தது. பெயின்டர் பார்த்துவிட்டு, ஒரு கோட்டில் போய்விடும் என்றார் (பெயின்டர், முதல் கோட்டுக்கு முன்). பிறகு, இரண்டு கோட் வேண்டும் என்றார் (மேற்படியார், முதல் கோட்டுக்குப் பின், தம் முந்தைய நிலைப்பாட்டைக் குறிப்பிடாமல்). கடைசியில், எண்ணெய்க் கறை எமல்ஷனை ஊடுருவி வரும், ஆயில் பிரைமர் போட்டு அடைத்தால்தான் நிற்கும் என்றார் (மேற்படியார், கூலி உயர்வுப் படலம், மூன்றாம் டீ, பஜ்ஜிக்கு முந்திய பகுதி).

ஆணியின் உயரத்தைக் கொண்டு அந்த வீட்டு அம்மாளின் தோளுயரத்தைக் கணித்தேன். அதைக் கொண்டு முழங்கை உயரத்தை. முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே மேடை இருந்தால் முதுகு வலிக்காது என்பது தச்சரும் மருத்துவரும் ஒப்புக்கொள்வது. கணக்குப்படி மேடை முப்பத்திரண்டங்குலம் வரவேண்டும். அளந்தால் முப்பது. ஆக, அந்த அம்மாள் காலமெல்லாம் இரண்டங்குலம் குனிந்தே சமைத்திருக்கிறார். மேடை அவருக்காகக் கட்டியதன்று, மாமியாருக்காகக் கட்டியது. இந்த முடிவுக்கு ஆதாரம், எலக்ட்ரீஷியன் சுவிட்ச் பாக்ஸ் மூடியின் பின்புறம் எழுதிவைத்திருந்த ஓர் அளவு. அதன்மேல் பூசிய ஒயிட் சிமென்டைச் சுரண்டி நான் எடுத்த படி. அந்தப் படியில் மைத்துனர் வடை வைத்து மடித்ததால் எண்ணெய் ஏறித் தெளிவான இரண்டாம் படி. இரண்டையும் ஒப்புநோக்கி, விடுபட்ட இலக்கத்தை ஊகித்துப் பகர அடைப்புக்குள் இட்டு நான் அமைத்த செம்பதிப்பு. இதைக் கண்டு பிளம்பர் ஒரு பதிப்பு வெளியிட்டார். என் பதிப்பை வரிக்குவரி எடுத்தாண்டு, என் பெயரைப் பிழை கண்டுபிடித்த இடத்தில் மட்டும் சொல்லியிருந்தார். அது நம் பதிப்புலக மரபு என்பதால் நான் வருந்தவில்லை.

கரித்துணி பற்றி நவீனக் கோட்பாட்டாளர்கள் சொன்னதையும் சுட்டவேண்டும். அதை விளிம்புநிலைப் பனுவல் என்றும், வெள்ளை டைலின் அதிகாரத்தைக் கலைக்கும் கறை என்றும் அவர்கள் நெடுநேரம் பேச வல்லவர்கள். பேசி முடித்து வீட்டுக்குப் போனால் அந்தப் பனுவலைத் துவைப்பவர் யார் என்பது மட்டும் அவர்கள் கட்டுரைகளின் விளிம்பில்கூட வருவதில்லை. இந்தப் பகுதி முன்னரே ஐஎஸ்எஸ்என் எண் உள்ள ஓர் ஆய்விதழில் வந்தது. அதை வெளியிட நான் கட்டிய தொகைக்கு ஓர் எஸ்எஸ் 304 சிங்க் வாங்கியிருக்கலாம், குழாயோடு.

இனி விற்பனை. இன்டீரியர்காரப் பையன் ஆணியைப் பிடுங்கச் சொன்னான். அதற்குப் பதிலாக ஒரு ஸ்டீல் கம்பி, அதில் நான்காக மடித்த கட்டம்போட்ட டவல். அதில் கை துடைக்கலாமா என்று கேட்டேன். அது படத்துக்கு சார் என்றான். விற்பதற்காகப் புதுக்கும் சமையலறை யாருக்காகக் கட்டப்படுகிறதோ அவரை இன்னும் யாரும் பார்த்ததில்லை. அவர் எண்ணெயில் எதையும் வறுக்கமாட்டார், அவர் வீட்டில் மிக்ஸி ஒளிந்துகொள்ளும், அவர் பழம் என்றால் எலுமிச்சை மட்டும், அதுவும் கண்ணாடிக் கிண்ணத்தில். பையன் அந்த ஆளுக்காக உயிரைக் கொடுத்து உழைத்துக்கொண்டிருந்தான். மைத்துனரும் பாதி மயங்கிவிட்டார். ஆணியைப் பிடுங்கி, ஓட்டையை அடைத்து, பிரைமர் போட்டாயிற்று. கறை அடங்கியது.

முதல் பார்ட்டி வந்தது: கணவன், மனைவி, கணவனின் தாயார். கணவன் சிம்னியைப் படமெடுத்தார். மனைவி பிளக் பாயின்ட்களை எண்ணினார். தாயார் எதுவும் பேசாமல் சிங்க் அடிக் கதவைத் திறந்து, குனிந்து, மூச்சை இழுத்து மோந்து பார்த்தார். குழாயைத் திறந்து, தண்ணீர் உள்ளே போகும் வேகத்தைப் பார்த்தார். பிறகு அடுப்பில்லாத அடுப்படியின் முன் நின்று, இல்லாத ஒரு பாத்திரத்தை மனத்துக்குள் இறக்கிவைப்பவர் போல ஒரு கணம் யோசித்தார். அவரது இடக்கை தானாகப் போய்ப் பக்கத்துச் சுவரைத் தடவியது. ஒன்றும் அகப்படவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, இடம் கம்மியா இருக்கு என்றார். எட்டடிக்கு ஏழடி அவர் தலையைத் திருப்பும்வரை போதுமானதாகத்தான் இருந்தது. பார்ட்டி திரும்பிப் போயிற்று. வீடு வாங்கும் முடிவு படமெடுப்பவரிடம் இல்லை என்பதற்கு இதைவிட வலுவான களச்சான்று இனி ஒருவர் காட்டினால் என் பட்டத்தைத் திருப்பித் தருகிறேன். இன்னும் வாங்கவில்லை என்பதால் இதில் சிரமமில்லை.

மைத்துனரிடம் முடிவுகளை எழுத்தில் கொடுத்தேன். கடப்பாத் தடுப்புகள் இருக்கட்டும். மேடையை இரண்டங்குலம் உயர்த்தி மேலே கறுப்பு கிரானைட், வெள்ளை வேண்டவே வேண்டாம். சிங்க் அடியில் 710, முத்திரை வெளியே தெரியும்படி. சிலிண்டர் அறைக்குக் கீழே ஓட்டை. மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் மேடையிலேயே இரண்டு பிளக். திராட்சை டைலை மட்டும் எனக்குத் தரவேண்டும். ஆணி, பழைய இடத்திலிருந்து இரண்டங்குலம் மேலே, தலை வளைந்தது. அவர் முழுவதையும் படித்துவிட்டு, ஆணி எந்த பிராண்ட் என்று கேட்டார்.

இயல் 7: மேலாய்வுக் களங்கள்

வருங்கால ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்ளத்தக்க பொருள்கள் பல. பிளாஸ்டிக் பைகளைப் போட்டுவைக்கும் பிளாஸ்டிக் பை: ஓர் அமைப்பியல் நோக்கு. ஹார்லிக்ஸ் பாட்டிலில் மிளகாய்த்தூள், மிளகாய்த்தூள் டப்பாவில் ஊசிநூல்: பெயரும் பொருளும். ஃபிரிட்ஜ் கைப்பிடி உறையின் வீழ்ச்சி. மூடி இல்லாத டப்பர்வேரும் டப்பர்வேர் இல்லாத மூடியும். குளியலறையை நான் எடுத்துக்கொண்டுவிட்டேன், அதில் யாரும் கைவைக்க வேண்டாம்.

இந்த ஏட்டுக்கான வாய்மொழித் தேர்வு நாள் இன்னும் குறிக்கப்படவில்லை. அன்றைய மதியச் சாப்பாடு ஆய்வாளரின் பொறுப்பு என்பது எங்கும் எழுதாத, எவரும் மீறாத விதி. புறத்தேர்வாளர் சைவமா அசைவமா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் ஆய்வின் முடிவுகளை இறுதி செய்வேன்.